மாரா ஆற்றங்கரை கேம்பில் தங்க இவ்வளவு பணம் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான்: "செப்டம்பர் இரண்டாம் வாரம் நான், மனைவி, எழுபதை ஒட்டிய அப்பா, அம்மா நான்கு பேரும் வில்டபீஸ்ட் வலசை பார்க்க கென்யா போகலாம் என்று இருக்கிறோம். நான்கு இரவு. ‘வலசைப் பாதையின் மேலேயே அமைந்தது’ என்று ஒரு சொகுசு டென்ட் கேம்பில் ஓர் இரவுக்கு 1,100 டாலர் சொல்கிறார்கள். கேட்டுக்கு வெளியே 250 டாலருக்கும் இடம் இருக்கிறது. இந்த வித்தியாசம் வெறும் படாடோபமா, இல்லை உண்மையிலேயே அதில் ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது. ஆனால் அது டென்டுக்குள் இல்லை. நைரோபியில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். ஊரிலிருந்து யார் வந்தாலும் மாராவுக்கு, அதாவது கென்யாவின் மசாய் மாரா வனவிலங்கு ரிசர்வுக்கு, கூட்டிப் போவது என் வேலையாகவே ஆகிவிட்டது. 100 டாலர் கேம்பிலும் தங்கியிருக்கிறேன், அடுத்தவர் புண்ணியத்தில் 1,500 டாலர் கேம்பிலும் தங்கியிருக்கிறேன்.

முதலில் அந்த 1,100 டாலர் டென்டுக்கா, தலைக்கா என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் விலை சொல்வது பெரும்பாலும் தலைக்குத்தான். ‘இருவர் பகிர்ந்தால்’ என்று பொடி எழுத்தில் கீழே போட்டிருப்பார்கள். அப்படியானால் உங்கள் நான்கு பேருக்கும் ஓர் இரவுக்கு 4,400 டாலர். சாப்பாடு, காலை மாலை ஜீப் சவாரி, துணி துவைப்பது, பெரும்பாலும் பானங்களும் அதில் அடக்கம். ரிசர்வ் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் அடங்காது. மசாய் மாராவில் 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். உங்கள் கணக்கில் நான்கு பேர், நான்கு நாள், 3,200 டாலர். ரிசர்வுக்குள் தங்கினால் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேற வேண்டும், தாண்டினால் இன்னொரு நாள் கட்டணம் விழும். ஆகவே திரும்பும் விமானத்தைக் காலையிலேயே வையுங்கள்.

சரி, ‘வலசைப் பாதை’ என்ற விஷயத்துக்கு வருகிறேன். பிரசுரங்களில் ஒரு வட்டமும் நாலு அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் நம் சபரிமலைப் பெருவழி மாதிரி ஒரு தடம் இருப்பதாகத் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. மழை எங்கே பெய்து புல் முளைக்கிறதோ அங்கே மந்தை போகும். பின்னாடி பெய்தால் பின்னாடி திரும்பும். (நம் பத்திரிகைகள் வில்டபீஸ்டைக் காட்டெருமை என்று எழுதிவிடுகின்றன. மாட்டு முகமும் குதிரை வாலும் வைத்த ஓர் இரலை அது. சுவாஹிலியில் நியும்பு.) ஏறக்குறைய 13 லட்சம் நியும்பு என்பது பல வருடங்களாக எல்லோரும் சொல்லும் கணக்கு. கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் தாம்சன் கெஸல் மான்களும் போகின்றன.

பருவம் மட்டும் தோராயமாகச் சொல்லலாம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை தான்சானியாவில், செரெங்கெட்டியின் தெற்கே என்டுட்டு பக்கம் கன்று ஈனுகின்றன. அங்கே ஓல் டோயின்யோ லெங்காய் எரிமலையின் சாம்பல் படிந்த மண்ணில் குட்டைப் புல் முளைக்கும். கால்சியமும் பாஸ்பரஸும் நிறைந்த அந்தப் புல் பால் கொடுக்கும் தாய்களுக்குத் தேவை. மழை நின்று தண்ணீர் வற்றியதும் மே, ஜூனில் மேற்கே க்ருமெட்டி ஆற்றுப் பக்கம் நகரும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றின் இரு கரையிலும் அங்குமிங்குமாக அலையும். நவம்பர் மழையோடு தெற்கே திரும்பும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. என் மச்சினர் ஒருமுறை என்னைக் கேட்காமல், இதே ‘பாதையின் மேலேயே’ என்ற வாசகத்தை நம்பி ஒரு கேம்பில் அக்டோபர் கடைசிக்குப் பணம் கட்டிவிட்டார். பேரெல்லாம் வேண்டாம். அந்த வருடம் மழை சீக்கிரம் இறங்கிவிட்டது. மூன்று நாளும் காலியான புல்வெளி, காய்ந்த சாணி, நிறையச் சிங்கங்கள். கேம்ப் பொய் சொல்லவில்லை. ஜூலையில் இருந்திருந்தால் வாசலிலேயே மந்தை நின்றிருக்கும். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மாதம், அப்புறம் ஆற்றின் எந்தப் பகுதி, கடைசியில் கேம்ப். உங்கள் செப்டம்பர் நல்ல தேர்வுதான்.

செப்டம்பரில் மந்தை இரண்டு நாட்டிலும் பிரிந்து நிற்கும். தான்சானியப் பக்கம் கோகடெண்டே, கென்யப் பக்கம் மாரா. பரப்பைப் பார்த்தால் செரெங்கெட்டி ஏறக்குறைய 14,750 சதுர கிலோமீட்டர், மாரா ரிசர்வ் 1,510 தான். கோகடெண்டேயில் பொதுவாக ஜீப் கூட்டம் கொஞ்சம் குறைவு, மாராவுக்கு நைரோபியிலிருந்து போய்ச் சேர்வது எளிது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். மந்தை நினைத்தபோது எல்லையைத் தாண்டும், சுற்றுலாப் பயணி அங்கே தாண்ட முடியாது. இசெபானியா என்ற எல்லை ஊர் வழியாகச் சுற்றிப் போய் முத்திரை வாங்கி வர வேண்டும். நான்கு இரவில் அதற்கு நேரமில்லை. பெரியவர்களோடு போவதால் மாராவிலேயே இருங்கள்.

மாராவுக்குள்ளும் மூன்று வகை இடம் உண்டு. பணம் எதற்குப் போகிறது என்பது இங்கேதான் விளங்கும்.

கேட்டுக்கு வெளியே, செகெனானி, தாலேக் பக்கம் இருக்கும் கேம்புகள் முதல் வகை. உங்கள் 250 டாலர் இடம் இங்கேதான் இருக்க வேண்டும். குறை சொல்ல ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கும். ஆனால் மந்தை மாரா ஆற்றைத் தாண்டும் இடங்களுக்கு (எல்லோரும் பார்க்க வருவது அதைத்தான்) குண்டும் குழியுமான மண்பாதையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். காலை 6 மணிக்குத்தான் கேட் திறப்பார்கள். அதிலிருந்து போய்ச் சேர்வதற்குள் கரையில் முப்பது வண்டி நிற்கும். மாலை 6 மணிக்குள் வெளியே வந்தாக வேண்டும் என்பதால் நாலு மணிக்கே கைடு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்.

இரண்டாவது, ரிசர்வைச் சுற்றி இருக்கும் கன்சர்வன்சிகள். மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி போன்றவை. மசாய் பழங்குடிக் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் வாடகை வாங்குகிறார்கள். எத்தனை ஏக்கருக்கு ஒரு டென்ட், ஒரு சிங்கத்தைச் சுற்றி எத்தனை வண்டி என்றெல்லாம் கட்டுப்பாடு உண்டு. ரிசர்வில் அனுமதி இல்லாத இரவுச் சவாரி, காட்டு நடை இரண்டும் இங்கே உண்டு. சிறுத்தை, சிங்கம் நிம்மதியாகப் பார்க்க என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஆறு தாண்டும் காட்சி ரிசர்வுக்குள்தான் நடக்கும். அதற்கென்று ஒரு முழுநாள் ஒதுக்கி, தனியாகக் கட்டணம் கட்டிப் போக வேண்டும்.

மூன்றாவது, ஆற்றை ஒட்டி ரிசர்வுக்குள்ளேயே இருக்கும் கேம்புகளும், ஆற்றுக்கு மேற்கே மாரா ட்ரையாங்கிள் பகுதியில் இருப்பவையும். ட்ரையாங்கிளை 2001 முதல் மாரா கன்சர்வன்சி என்ற லாபநோக்கற்ற அமைப்பு நிர்வகிக்கிறது. பாதையும் ஒழுங்கும் அங்கே நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம். 1,100 டாலர் இந்த வகைக்கான விலை. கரையில் மந்தை சேர்கிறது என்று ரேடியோவில் கேட்டால் கால் மணி நேரத்தில் போய் நிற்கலாம். மத்தியானம் பெரியவர்களைக் கேம்பில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் மறுபடி போகலாம். நீங்கள் வாங்குவது அந்தக் கால் மணி நேரத்தைத்தான்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். காலை ஒன்பது இருபதுக்குக் கரையிலிருந்து தள்ளி, ஒரு மர நிழலில் வண்டியை நிறுத்தினோம். எதிரே ஆயிரக்கணக்கில் நியும்பு, தவளைக் கூட்டம் மாதிரி முனகிக்கொண்டு நிற்கின்றன. ஒரு வரிக்குதிரை மெதுவாகச் சரிவில் இறங்கியது, தண்ணீரில் வாய் வைத்தது, காதை விடைத்தது, திரும்பி ஏறிவிட்டது. அதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் நூறு அடி பின்வாங்கியது. மணி பத்தே முக்காலுக்கு இதே கதை. பன்னிரண்டுக்கு இன்னொரு முறை. பக்கத்தில் நின்ற ஏழெட்டு வண்டிகள் கேட்டுக்கு வெளியே இருந்து வந்தவை, மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டன. ஒன்றே முக்காலுக்கு, எந்தக் காரணமும் தெரியாமல், ஒரு நியும்பு குதித்தது. அப்புறம் புழுதி, தண்ணீர், குளம்பு. சரிவு உடைந்து ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன. முதலை ஒன்றைப் பிடித்ததை எங்கள் வண்டியில் ஒருத்தர்தான் பார்த்தார், மற்ற எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். மொத்தம் பதினோரு நிமிடம். கடைசியில் ஒரு தாய், கன்று வரவில்லை என்று வந்த வழியே மறுபடி நீந்திப் போனது.

முதலை பிடிப்பதைவிட நெரிசலிலும் வெள்ளத்திலும் சாவதுதான் அதிகம். 2017 இல் வெளியான ஓர் ஆய்வின்படி மாரா ஆற்றில் வருடத்துக்குச் சராசரியாக 6,250 நியும்பு மூழ்கிச் சாகின்றன. அந்த எலும்புகள் கரைய ஏழு வருடம்வரை ஆகிறதாம், அதுவரை ஆற்றுக்கும் மீனுக்கும் அதுவே உரம். காற்று உங்கள் பக்கம் அடித்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். கைக்குட்டை இருக்கட்டும். ஆற்றை ஒட்டிய கேம்பில் சில நாள் சாப்பாட்டு மேஜை வரைக்கும் அது வரும், பிரசுரத்தில் இதை யாரும் எழுத மாட்டார்கள்.

இவ்வளவு காத்திருக்க வேண்டும் என்றால் வண்டி உங்களுடையதாக இருக்க வேண்டும். கேம்ப் வண்டியில் பொதுவாக ஆறு பேரைச் சேர்த்து ஏற்றுவார்கள். கூட வருகிற தம்பதி பறவை பார்க்கப் போகணும் என்றால் தீர்ந்தது. தனி வண்டிக்கு நாளுக்குச் சில நூறு டாலர் கூடுதலாகக் கேட்பார்கள். பெரிய டென்டுக்குக் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுங்கள். நாலு பேர் குடும்பம் என்று சொல்லிப் பேசினால் சில இடங்களில் குறைப்பார்கள். நல்ல கைடுக்குக் கேம்பைவிட மதிப்பு அதிகம். கரையோரம் வண்டியை முட்டவிட்டு மந்தையின் இறங்கு வழியை மறிக்கிற கைடுகளும் உண்டு. 2025 இல் செரெங்கெட்டிப் பக்கம் பயணிகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையில் நின்று மந்தையை மறித்த காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. உங்கள் கைடு தள்ளி நிறுத்தினால் ‘இன்னும் கிட்டே போ’ என்று நச்சரிக்காதீர்கள்.

டென்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அம்மா அப்பா கேட்பார்கள். கான்வாஸ் சுவர், ஜிப் கதவு, உள்ளே மர மேடையில் நம் வீட்டைவிடப் பெரிய கட்டில். வெஸ்டர்ன் டாய்லெட், ஃப்ளஷ் எல்லாம் உண்டு. பெரிய கேம்புகளில் குழாயிலேயே வெந்நீர் வரும். மந்தையோடு இடம் மாறுகிற மொபைல் கேம்புகளில் வாளிக் குளியல்தான். பின்னாலிருந்து ஒருத்தர் ‘மாஜி மோட்டோ’ என்று குரல் கொடுத்துக் கான்வாஸ் வாளியில் வெந்நீர் ஊற்றி மேலே ஏற்றுவார். உள்ளே சங்கிலியை இழுத்தால் ஷவர். சோப்புப் போடும்போது சங்கிலியை மூடிவிட வேண்டும், என் மாமனார் மூடாமல் தலை நுரையோடு இன்னொரு வாளிக்குக் கத்தியது கேம்ப் முழுக்கக் கேட்டது. அப்புறம், கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறீர்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் போனால் காலைச் சவாரியில் பல் தந்தியடிக்கும். ராத்திரி சாப்பிட்டு வருவதற்குள் போர்வைக்கு அடியில் உறை போட்ட வெந்நீர்ப் பையை வைத்திருப்பார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலில் உரசியதும் ஏதோ பிராணி என்று அலறிய பலரை எனக்குத் தெரியும்.

பெரும்பாலான கேம்புகளுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு அஸ்கரி என்கிற காவலாள் டார்ச்சோடு வந்து கூட்டிப் போவார், அவர் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. ராத்திரி நீர்யானை ஆற்றிலிருந்து ஏறி டென்டைச் சுற்றிப் புல் மேயும். முதல் முறை எனக்கு, ஊரில் தொழுவத்தில் மாடு வைக்கோல் இழுக்கிற சத்தம் மாதிரியே இருந்தது, அதனாலேயே நன்றாகத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் டென்ட் கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளிச் சட்டிச் சட்டியாகக் கால் தடம். அப்பா அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய டென்டாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடைசி டென்ட் என்றால் அரை கிலோமீட்டர்கூட நடக்க வேண்டியிருக்கும்.

சைவம் என்றால் கவலை வேண்டாம். கென்யாவில் குஜராத்திகள் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள், சப்பாத்தி அங்கே உள்ளூர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. முன்கூட்டிச் சொன்னால் பருப்பும் காய்கறியும் நன்றாகவே செய்வார்கள். ரசம், தயிர்சாதம் எதிர்பார்க்காதீர்கள்.

போகும் வழி: நைரோபியிலிருந்து சாலையில் ஐந்தாறு மணி நேரம். எழுபது வயது இடுப்புக்கு வேண்டாம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் முக்கால், ஒரு மணி நேரம். தலைக்கு 15 கிலோ, அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். பிளாஸ்டிக் கவர் கென்யாவில் 2017 முதல் தடை, ஜவுளிக்கடைப் பைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஜீப்பில் இயற்கை அழைத்தால் ‘டயரைப் பார்க்கணும்’ என்று சொன்னால் போதும், கைடுக்குப் புரியும், பாதுகாப்பான புதர் பார்த்து நிறுத்துவார்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். போட்ட பத்து நாளுக்குப் பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைக்க முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஆனால் அறுபது தாண்டியவர்களுக்கு முதல் முறையாக இந்த ஊசி போடுவதில் ஆபத்து சற்று அதிகம். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அப்பா அம்மாவின் டாக்டரிடம் பேசுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ‘பாதையின் மேலேயே’ ஒரு கேம்ப் இருப்பது பெருமைதானா? 2025 ஆகஸ்டில் மாராவில் சாண்ட் ரிவர் பக்கம் 20 டென்ட்களோடு ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல் நிறுவனத்தின் கேம்ப் திறந்தபோது, அது விலங்குகளின் வழியை அடைக்கிறது என்று மசாய் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் நரோக் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். மந்தை எல்லை நெடுகப் பரவித்தான் போகிறது, அந்த இடம் முக்கிய வழியில் இல்லை என்பது கென்ய வனவிலங்குத் துறையின் பதில். ஒரு கேம்ப் மந்தையை நிறுத்திவிடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஆற்றோரம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக விளக்கும் வண்டியுமாகப் பெருகிக்கொண்டே போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த மந்தை ஒரு காலத்தில் இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. மாடுகளிடமிருந்து நியும்புக்கும் தொற்றிக்கொண்டிருந்த வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட்), மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு விரட்டிய பிறகுதான் 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சமாக இருந்தது எழுபதுகளின் கடைசியில் 13 லட்சத்தைத் தொட்டது. அதற்கு நேர்மாறாக, மாராவுக்கு வடகிழக்கே லோய்ட்டா சமவெளியிலிருந்து வந்துகொண்டிருந்த இன்னொரு மந்தை 1977 இல் ஏறக்குறைய 1,20,000 ஆக இருந்தது, இருபதே வருடத்தில் கால் பங்குக்கும் கீழே போய்விட்டது. அங்கே கோதுமை வயலும் வேலியும் வந்துவிட்டன. அதனால் கேம்புக்கு எழுதும்போது எத்தனை டென்ட், ஆற்றிலிருந்து எத்தனை தூரம், நிலத்துக்கு யாருக்கு வாடகை போகிறது என்று கேளுங்கள். நல்ல இடங்கள் இதற்கெல்லாம் மடமடவென்று பதில் எழுதும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், 1,100 டாலர் கேம்பைவிட ஒரு படி கீழே, ட்ரையாங்கிளிலோ மாரா ஆற்றை ஒட்டி முசியாரா பக்கமோ தலைக்கு 600, 700 டாலரில் ஒன்று பிடித்து, மிச்சத்தில் நான்கு நாளும் தனி வண்டி எடுப்பேன். நாலு இரவும் ஒரே இடம். பலூன் சவாரி தலைக்கு ஏறக்குறைய 500 டாலர். வயதானவர்கள் கூடைக்குள் ஏறி இறங்குவது சிரமம், தரையில் முட்டிக்கொண்டு இறங்கும், அதை விட்டுவிடலாம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்து முடியாது என்று தோன்றினால், செப்டம்பரை விட்டுவிட்டு பிப்ரவரியில் தான்சானியாவுக்கு, என்டுட்டுவுக்குப் போங்கள். ஆறு தாண்டும் காட்சி கிடையாது, மாராவின் சீசன் கட்டணமும் கிடையாது, மணிக்கணக்காகக் கரையில் காத்துக் கிடக்கவும் வேண்டாம். சமவெளி முழுக்கக் கன்று. ஈன்ற பத்து நிமிடத்துக்குள் அது நாலு காலையும் ஊன்றி, இரண்டு முறை விழுந்து எழுந்து, தாய்க்குப் பின்னால் ஓட ஆரம்பித்துவிடும். என் அம்மாவைக் கூட்டிப் போனது அங்கேதான். ஆற்றை அவர் பார்த்ததே இல்லை, ஒருமுறைகூடக் கேட்டதும் இல்லை.